முறுக்கு டின்னும் சிஎஸ்எஸ்ஸும்: இணையப் பாடங்களோடு 20 மாதங்கள்

2024 தைப்பூசத்துக்குப் பினாங்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலின் 513 படிகள் ஏறி இறங்கிய கால்வலி ஆறாமல் விடுப்பெடுத்துப் படுத்திருந்தேன். அண்ணி வந்து, "ஊரில் எல்லாரும் இணையத்தளம் வைத்திருக்கிறார்கள். என் முறுக்குக்கு நீ ஒன்று செய்து தரமாட்டாயா?" என்று கேட்டார். ஜெலுத்தோங்கில் வீட்டிலேயே பலகாரம் சுட்டு விற்பவர் அவர். வெளியில் விலை விசாரித்திருக்கிறார். சொன்ன தொகைக்கு இரண்டு தீபாவளிக்கான அரிசி மாவு வாங்கிவிடலாம். எனக்கு வயது 43. பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதனை வேலை. கணினியில் எக்செல் மட்டும் தெரியும். "பார்க்கிறேன் அண்ணி" என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன்.

இணையத்தளம் செய்யக் கற்றுக்கொள்ள இந்த 20 மாதங்களில் பார்த்த பாடங்களைப் பற்றி என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இலவசமாகக் கிடைப்பவையே போதும். ஆனால் எல்லாமே ஆங்கில எழுத்துக்கு அளவெடுத்துத் தைத்த சட்டைகள். தமிழ்ப் பக்கம் செய்ய நினைப்பவர் பிரித்துத் தைக்கத் தயாராக இருக்க வேண்டும். எனக்குத் தையல் பிடிபட்டதே அந்தப் பிரிப்பில்தான்.

தொடக்கம் ஃபிரீகோடுகேம்ப் என்னும் இணையப் பயிற்சித் தளம். காசு கேட்பதில்லை, சான்றிதழும் இலவசம். அப்போது பூனைப் படங்களுக்கான ஒரு பக்கத்தைக் கட்டச் சொல்லித் தொடங்கியது. ஒரு வரி எழுதினால் அது சரியா என்று அங்கேயே சொல்லிவிடும். இரவு ஷிப்ட் முடிந்து வந்து, பசியாறிவிட்டு, அரை மணி நேரம் உட்காருவேன். இரண்டு மாதத்தில் படிப்படியாக நூற்றுக்கணக்கான சிறு பயிற்சிகளை முடித்திருந்தேன். பிறகு ஒருநாள் வெறும் கோப்பைத் திறந்து அண்ணியின் கடைப் பெயரை நடுவில் வைக்க முயன்றேன். கை ஓடவில்லை. சொன்னதைத் தட்டியிருந்தேனே தவிர, ஏன் தட்டுகிறேன் என்று ஒருநாளும் நின்று யோசித்ததில்லை. குற்றம் பாடத்தின் மீதில்லை. சமையல் காணொளி பார்த்துவிட்டு அடுப்பில் கைவைக்காதவள் கதைதான்.

நடுவில் 89 ரிங்கிட் கட்டி ஒரு காணொளி வகுப்பிலும் சேர்ந்தேன். பெயர் வேண்டாம். ஆசிரியர் நன்றாகவே பேசினார்; ஆனால் பக்கத்தை இரண்டு நெடுவரிசையாகப் பிரிக்க ஃபுளோட் என்பதைப் பிடித்துக்கொண்டு மூன்று வாரம் ஓட்டினார். சிஎஸ்எஸ் என்பது பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் மொழி; ஃபுளோட் 1996-இல் வந்த அதன் முதல் பதிப்பிலேயே உண்டு. படத்துக்குப் பக்கத்தில் எழுத்தை ஓடவிடுவதற்காக வைத்தது அது. வேறு வழியில்லாத காலத்தில் அதை வைத்தே முழுப் பக்கத்தையும் முட்டுக்கொடுத்து நிறுத்தினார்கள். பக்கத்தைக் கட்டம் கட்டமாகப் பிரிக்கும் கிரிட் என்னும் கட்டமைப்பு 2017 மார்ச்சிலேயே குரோம், ஃபயர்பாக்ஸ் இரண்டிலும் வந்துவிட்டது. காசு கட்டுமுன் அந்தப் பாடம் எந்த ஆண்டு பதிவானது என்று நான் பார்த்திருக்க வேண்டும். மீன் வாங்கும்போது செவுளைத் தூக்கிப் பார்க்கிற எனக்கு இது தோன்றவில்லை.

ஃபிளெக்ஸ்பாக்ஸ் பிராகி என்றொரு விளையாட்டு இருக்கிறது. தவளையைத் தாமரை இலையில் கொண்டுபோய் உட்காரவைக்க வேண்டும்; அதற்குச் சரியான சிஎஸ்எஸ் வரியை எழுத வேண்டும். 24 கட்டங்கள். மூன்றாம் படிவம் படிக்கும் என் மகள் ஒரே மாலையில் முடித்தாள், எனக்கு நான்கு நாள் ஆனது. ஆனாலும் பொருள்களை வரிசையில் நிறுத்துவது, நடுவில் வைப்பது, இரு ஓரத்துக்கும் தள்ளுவது எல்லாம் அதற்குப் பிறகு மறக்கவில்லை. வரியை மறந்தால் தவளை நினைவுக்கு வருகிறது.

ஆனால் என் உண்மையான வாத்தியார் உலாவிக்குள்ளேயே இருந்தார். எஃப்12 விசையை அழுத்தினால் பக்கத்தின் உள்ளுறுப்புகள் பக்கவாட்டில் திறக்கும். குரோமில் ஒரு பெட்டியின் மீது சுட்டியைக் கொண்டுபோனால், உள்ளடக்கம் நீலம், பேடிங் பச்சை, மார்ஜின் ஆரஞ்சு என்று வண்ணம் காட்டும். இந்தப் பெட்டிக் கணக்கு எனக்கு ஒரு மாதம் மண்டையில் ஏறவில்லை. அண்ணியின் டின்னைப் பார்த்ததும் ஏறிவிட்டது. முறுக்கு உள்ளடக்கம். அதைச் சுற்றிச் செருகும் தாள் பேடிங். தகரம் பார்டர். அலமாரியில் டின்னுக்கும் டின்னுக்கும் விடும் இடம் மார்ஜின். அகலம் 300 பிக்சல் என்று எழுதினால் உலாவி அதை முறுக்கின் அகலம் என்றே எடுத்துக்கொள்கிறது. இரு பக்கமும் தாளுக்கு 20, தகரத்துக்கு 2 என்று சேர்த்தால் டின் 344 ஆகிவிடும், அலமாரியை விட்டு வெளியே நீளும். பாக்ஸ்-சைசிங் என்னும் வரியில் பார்டர்-பாக்ஸ் என்று கொடுத்தால்தான் 300 என்பது தகரத்தோடு சேர்த்த அளவாகும். இந்த வரியை எல்லாப் பாடத்திலும் முதலிலேயே எழுதிவிட்டு, "இதை அப்படியே போட்டுக்கொள்ளுங்கள்" என்று கடந்துவிடுகிறார்கள்.

2024 ஆகஸ்டில் பக்கம் பார்க்கும்படி வந்தது. முனை வளைந்த கார்டுப் பெட்டிகள், அழகான மெனு, எல்லாம் இருந்தது. எழுத்து மட்டும் லோரம் இப்சம், பாடங்களில் இடம் நிரப்பப் போடும் அந்த லத்தீன் குப்பை. அதை எடுத்துவிட்டு அண்ணி எழுதித் தந்த தமிழ் வரிகளைப் போட்டேன்.

முதலில் திரை முழுக்க ஐரோப்பிய எழுத்துகள் தொப்பி போட்டுக்கொண்டு வரிசையாக நின்றன. எழுத்துகளை எண்களாகச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியீடும் 3 பைட் எடுக்கும். கோப்பு எந்த முறையில் இருக்கிறது என்று நான் தலைப்பகுதியில் சொல்லாததால் உலாவி ஒவ்வொரு பைட்டையும் தனி எழுத்தாகப் படித்திருக்கிறது. ஆங்கிலத்தில் மட்டும் பயிற்சி செய்தவரை இந்த ஓட்டை தெரியவே இல்லை.

அதைச் சரிசெய்ததும் மெனு உடைந்தது. ஹோம், அபவுட், காண்டாக்ட் என்று ஆங்கிலத்தில் குட்டிச் சொற்கள் கைப்பேசியின் 360 பிக்சலில் தாராளமாக உட்கார்ந்திருந்தன. முகப்பு, எங்களைப் பற்றி, பலகாரங்கள், தொடர்புக்கு என்று போட்டதும் ஒன்று இரண்டு வரியாக மடிந்தது, கடைசிச் சொல் திரைக்கு வெளியே போய் நின்றது. இடமில்லாவிட்டால் அடுத்த வரிக்குப் போ என்று ஃபிளெக்ஸ்-ரேப் கொடுத்த பிறகே அடங்கியது.

தலைப்புக்கு வரி உயரம் 1 என்று பாடத்தில் இருந்தது. தமிழில் மேலே கீயின் சுழி, கீழே கூவின் வால். 'முறுக்கு' மேல் வரியிலும் 'சீடை' கீழ் வரியிலும் வந்தபோது ஒன்றின் காலை இன்னொன்றின் கொம்பு குத்தியது. தலைப்புக்கு 1.4, பத்திக்கு 1.7 என்று வைத்த பிறகுதான் மூச்சு விட்டது. அடுத்து, தலைப்பை எல்லாம் பெரிய எழுத்தாக்கும் வரி. தமிழில் பெரிய எழுத்து ஏது? அது சும்மா கிடந்தது. சாய்வெழுத்துதான் மோசம். எழுத்துருவில் சாய்வு வடிவம் இல்லாவிட்டால் உலாவி எழுத்தைப் பிடித்து அப்படியே சாய்த்துவிடும். மேற்கோள் வரிகள் காற்றில் சாய்ந்த கம்பமாக இருந்தன. எடுத்துவிட்டேன்.

எல்லாவற்றிலும் என்னைப் படுத்தியது ஒரே ஒரு சொல்: "சுட்டெடுக்கப்பட்டவை". குறுகிய கார்டில் அது அடங்காமல் ஓரத்தைக் கிழித்துக்கொண்டு வெளியே நீட்டியது. நீளச் சொல்லை உடைத்து மடிக்கும் ஓவர்ஃபுளோ-ரேப் போட்டேன். உள்ளே வந்தது, ஆனால் "சுட்டெடுக்க" ஒரு வரியிலும் "ப்பட்டவை" அடுத்த வரியிலுமாக. புள்ளி வைத்த எழுத்தில் ஒரு வரி தொடங்குவதைப் பார்த்த என் மகள், "தமிழ் டீச்சர் பார்த்தால் இங்கேயே மயங்கி விழுவார்" என்றாள். எழுத்தைச் சிறிதாக்கினேன், கார்டை அகலமாக்கினேன், இரண்டு இரவு போயிற்று. கடைசியில் அண்ணியைக் கேட்டு வாக்கியத்தையே மாற்றினேன்: "நல்லெண்ணெயில் சுட்டவை." சிஎஸ்எஸ்ஸால் ஆகாததை இலக்கணம் முடித்துவைத்தது.

எழுத்துரு விஷயம் தனி. பாடங்களில் வரும் போப்பின்ஸ், ரோபோட்டோ இரண்டிலும் தமிழ் இல்லை. அவற்றை எழுதினால் ஒவ்வொரு கருவியும் தன்னிடம் உள்ள தமிழ் எழுத்தை எடுத்துப் போட்டுக்கொள்ளும். என் கணினியில் ஒரு முகம், அண்ணியின் கைப்பேசியில் வேறு முகம். கூகுள் ஃபாண்ட்ஸில் தமிழ் மட்டும் வடிகட்டிப் பார்த்தால் நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், ஹிந்த் மதுரை, பலூ தம்பி என்று நல்லவை கிடைக்கின்றன. கேட்டமரான் என்றும் ஒன்று உண்டு. நம் கட்டுமரம் ஆங்கிலத்துக்குப் போய் எழுத்துருவாகத் திரும்பியிருக்கிறது. நான் தலைப்புக்குப் பலூ தம்பி, பத்திக்கு முக்தா மலர் வைத்திருக்கிறேன். தட்டச்சுக்கு நம் மலேசியர் முத்து நெடுமாறன் தந்த அஞ்சல் விசைமுறை. அது இல்லாவிட்டால் இந்த வேலையில் இறங்கியே இருக்கமாட்டேன்.

வெளியிட கிட்ஹப் பேஜஸ், அதுவும் இலவசம். ஏற்றியதும் படங்கள் ஒன்றும் வரவில்லை. கோப்பின் பெயரில் முதல் எழுத்து பெரியது, நான் எழுதிய வரியில் சிறியது. என் கணினி இரண்டையும் ஒன்றாகக் கருதியது, அங்கே கருதவில்லை. கைப்பேசியில் திறந்தால் பக்கம் முழுதும் எறும்பளவு. பக்கத்தைத் திரையின் அகலத்துக்குப் பொருத்தும் வியூபோர்ட் வரியை விட்டிருந்தேன். வாட்ஸ்அப் பொத்தானில் எண்ணை 012 என்றே தொடங்கியிருந்தேன். முன் சுழியத்தை எடுத்து நாட்டுக் குறியீட்டோடு 6012 என்று எழுதினால்தான் அது திறக்கும். இதெல்லாம் 2024 தீபாவளிக்கு இரண்டு வாரம் முன்பு, அண்ணி மாவு பிசையும் நேரத்தில்.

இப்போது ஏதாவது தேவையென்றால் எம்டிஎன் என்னும் விளக்கக் களஞ்சியத்தில் தேடுகிறேன். மொசில்லா நடத்தும் அந்தத் தளத்தை முதல் ஆறு மாதம் திறந்து திறந்து மூடினேன், அவ்வளவு சொற்கள். இன்று ஒரு சிஎஸ்எஸ் பண்பின் பெயர் தெரிந்தால் நேராக அங்கேதான் போகிறேன். சட்டென்று ஒன்றைப் போட்டுப் பார்க்க டபிள்யூ3ஸ்கூல்ஸின் சோதனைப் பெட்டி வசதி. காணொளி பார்ப்பதை ஏறக்குறைய விட்டுவிட்டேன்.

2025 தீபாவளிக்குப் பக்கத்தைப் புதுப்பித்து, கிரிட்டில் கார்டுகளை அடுக்கி, வெளிர் மஞ்சள் பின்னணியில் மங்கிக் கிடந்த எழுத்தைக் கறுப்பாக்கிக் காட்டினேன். அண்ணி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேலிருந்து கீழ்வரை ஒருமுறை தள்ளிப் பார்த்தார். நிறத்தைப் பற்றிப் பேசவில்லை, கிரிட்டைப் பற்றியும் பேசவில்லை.

"ஓமப்பொடி படம் நமுத்துப் போனதுபோல் இருக்கிறது. நாளைக்குப் புதிதாகப் பிழிகிறேன், வந்து எடுத்துக்கொள்."