பாம்பன் உப்புக்காற்றில் ஒரு ஜைஸ் ஐகான் நெட்டார்

நான் போட்டோகிராபர் இல்லை. பாம்பனில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். காலையில் கடை திறப்பதற்கு முன்பும், ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்கு மேலும்தான் எனக்குப் படமெடுக்க நேரம். ஒன்றரை வருடமாக அந்த நேரத்தில் கையில் இருப்பது ஜைஸ் ஐகான் நெட்டார் 518/16 என்ற மடக்குக் கேமரா. 1950-களில் ஜெர்மனியின் ஷ்டுட்கார்ட்டில் செய்தது. 120 ரோல் ஒன்றில் சதுரமாகப் பன்னிரண்டு படம் எடுக்கும். இதுவரை பதினேழு ரோல் ஓட்டியாகிவிட்டது. மீடியம் பார்மட் (35 மி.மீ.-ஐவிடப் பெரிய பிலிம்) பழக இது தோதுப்படுமா என்று கேட்டால், தோதுப்படும். ஆனால் வாங்கும்போது லென்ஸுக்குப் பின்னாலுள்ள துருத்தியைப் பார்த்து வாங்க வேண்டும். லென்ஸெல்லாம் அப்புறம்தான்.

இதைப் பணம் கொடுத்துக் கற்றுக்கொண்டேன். நெட்டாருக்கு முன்னால் இணையத்தில் வேறொரு மடக்குக் கேமரா வாங்கினேன். எந்தக் கம்பெனி, யார் விற்றார் என்பதெல்லாம் வேண்டாம். ‘லென்ஸ் பளிச்சென்று இருக்கிறது, பூஞ்சை கிடையாது’ என்று போட்டிருந்தார்கள். பொய் இல்லை, லென்ஸ் பளிச்தான். சின்னப்பாலத்தில் கடல்பாசி எடுக்கப் போகும் அக்காமார்களிடம் கேட்டு, அவர்கள் கண்ணாடியும் கையுறையும் மாட்டிக்கொண்டு நிற்கையில் முதல் ரோலை முழுசாக எடுத்தேன். கழுவிப் பார்த்தால் பன்னிரண்டு படத்திலும் ஒரே மூலையில் வெள்ளைத் திட்டு. ஓர் அக்காவுக்குத் தலையே இல்லை. படம் எங்கே என்று அவர் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

துருத்தி என்றால் லென்ஸுக்கும் பிலிமுக்கும் நடுவே மடிப்பு மடிப்பாக இருக்கும் கறுப்புப் பை. பெல்லோஸ் என்பார்கள். கொல்லன் உலையில் ஊதுகிற துருத்தி மாதிரியேதான் இருக்கும், அதனால் நான் இப்படியே சொல்லிப் பழகிவிட்டேன். அறுபது எழுபது வருடம் மடித்து விரித்ததில் மடிப்பின் மூலைகள்தான் முதலில் போகும். ஊசி முனை அளவு ஓட்டை போதும், பாம்பன் வெயிலுக்கு அதுவே வாசல். பகலில் கையில் வைத்துப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. பின்கதவைத் திறந்து, செல்போன் டார்ச்சை உள்ளே வைத்து, இருட்டறையில் வெளியிலிருந்து ஒவ்வொரு மூலையாகப் பார்க்க வேண்டும். நட்சத்திரம் மாதிரி ஒரு புள்ளி மின்னினால்கூட அதற்குத் தக்கபடி விலை பேசுங்கள், இல்லையென்றால் வந்துவிடுங்கள். ஓட்டை ஒன்றிரண்டு என்றால் கறுப்புத் துணிப் பெயின்டில் கொஞ்சம் வெள்ளைப் பசை கலந்து அடைக்கலாம். என்னுடையதில் பதினொன்று எண்ணினேன். அடைக்க அடைக்கப் பக்கத்தில் புதிதாக விட்டது.

நெட்டார் கிடைத்தது காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில். பழம்பொருள் கடைகள் வரிசையாக இருக்கும் தெரு. எனாமல் தூக்குகளுக்கும் சீனப் பீங்கானுக்கும் நடுவே தோல் உறையோடு கிடந்தது. சாமான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்ளலாமா என்று கேட்டதும் கடைக்காரர் ஒருமாதிரி பார்த்தார். டார்ச் அடித்துப் பார்த்ததில் ஒரு புள்ளிகூட இல்லை. ஆறாயிரம் சொன்னதை ஐயாயிரத்து இருநூறுக்கு முடித்தேன். தோல் உறை தையல் விட்டிருந்தது. அதைச் செருப்புத் தைப்பவரிடம் கொடுத்துச் சரிசெய்துகொண்டேன்.

அந்தத் தெருவிலேயே கோடாக் மடக்குக் கேமராவும் ஒன்று, பார்க்க அழகாக, பாதி விலைக்கு இருந்தது. தொடவில்லை. அது 620 ரோலுக்கானது. பிலிம் அகலம் ஒன்றுதான், அதைச் சுற்றியிருக்கும் ஸ்பூல்தான் வேறு. 620 உற்பத்தியை 1995-லேயே நிறுத்திவிட்டார்கள். 120 பிலிமை இருட்டில் 620 ஸ்பூலுக்கு மாற்றிச் சுற்றி ஓட்டுகிறவர்கள் உண்டு. முதல் கேமராவுக்கு அந்தப் பாடு வேண்டாம். 120 ரோல் 1901-ல் வந்தது, இன்றும் புதிதாகக் கிடைக்கிறது.

சரி, கேமராவுக்கு வருவோம். மடக்கினால் கனமான டைரி அளவு. பொத்தானை அழுத்தினால் முன்கதவு விழுந்து லென்ஸ் வெளியே வந்து நிற்கும். இங்கே ஒரு விஷயம். படக்கென்று திறக்கவிட்டால் துருத்தி காற்றை இழுக்கும், அந்த இழுப்பில் உள்ளேயிருக்கும் பிலிமும் முன்னால் உப்பிவிடும். படம் நடுவில் மசமசவென்று வரும். அதனால் கதவை விரலால் பிடித்து மெதுவாக இறக்குகிறேன். திறந்த பிறகுதான் அடுத்த படத்துக்குச் சுற்றுகிறேன், சுற்றும்போது பிலிம் இறுகிக்கொள்ளும். முதல் மூன்று ரோல் மசமசத்ததற்கு லென்ஸைத் திட்டிக்கொண்டிருந்தேன். தப்பு என் கையில்.

லென்ஸ் 75 மி.மீ. நோவார், மூன்றே கண்ணாடி. வெளிச்சம் நுழையும் துவாரம் என்னுடையதில் 4.5-ல் தொடங்குகிறது, 6.3-ல் தொடங்குவதும் உண்டு; எண் கூடினால் துவாரம் சிறுக்கும். 4.5-ல் ஓரங்கள் மென்மையாக இருக்கும். 8-க்கு மேல் போனால் வலையின் முடிச்சை எண்ணலாம். ஷட்டர் 1/25 முதல் 1/200 நொடி வரை, அவ்வளவுதான். சுற்றுவது ஒரு வேலை, ஷட்டரை இழுத்து வைப்பது தனி வேலை. சுற்றாமல் பொத்தானை அழுத்தினால் பூட்டிக்கொள்ளும். சுற்றியாயிற்றா என்று மேல்தட்டில் ஒரு சிவப்புப் புள்ளி காட்டும். மறதிக்காரனுக்கு இது பெரிய உபகாரம். எத்தனையாவது படம் என்பதைப் பின்னாலுள்ள சிவப்புக் கண்ணாடி வழியாகப் பிலிமின் பின்காகிதத்தில் அச்சிட்ட எண்ணைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். இன்றைய பிலிம் சிவப்பு வெளிச்சத்துக்கும் மசியும் என்பதால், நிழலில் திரும்பி நின்று சுற்றிவிட்டு உடனே மூடுவது நல்லது. நான் மேலே கறுப்பு டேப்பும் ஒட்டியிருக்கிறேன்.

குறை என்று சொன்னால் போகஸ். வியூபைண்டரில் எல்லாமே தெளிவாகத்தான் தெரியும். எத்தனை அடி தூரம் என்று நாமே கணித்து லென்ஸைத் திருப்பி வைக்க வேண்டும். எனக்கு அடிக்கணக்கு வரவே இல்லை. பத்து என்று வைத்தால் பதினைந்தாக இருக்கும். வடகடல் கரையில் சித்தப்பா வலை பொத்திக்கொண்டிருந்தபோது அவரையே கேட்டேன். “சித்தப்பா, நான் உங்ககிட்டேருந்து எத்தனை அடியில நிக்கிறேன்?” அவர் நிமிரக்கூட இல்லை. “அடியில ஏன்டா கேக்குற? ரெண்டு பாகம்.” ஒரு பாகம் என்பது இரண்டு கையையும் விரித்த நீளம், ஆறடி. கடல் ஆழம் பார்க்கிறவர்கள் பாகத்தில்தான் பேசுவார்கள். கேமராவை 12-ல் வைத்து எடுத்தேன். அவர் கையிலிருந்த வலை ஊசி துல்லியமாக வந்தது. அன்றிலிருந்து நானும் பாகக்கணக்குத்தான். ஒரு பாகம் 6, ஒன்றரை 9, இரண்டு 12, மூன்று 18. கண்ணுக்கு இது எப்படியோ பிடிபடுகிறது.

துவாரத்தை 11-ல் வைத்து 12 அடிக்குப் போகஸ் செய்தால் ஏறக்குறைய 9 அடியிலிருந்து 18 அடிவரை தெளிவு கிடைக்கும், கால் பாகம் பிசகினாலும் பிழைத்துக்கொள்ளலாம். 4.5-ல் திறந்தால் அதே 12 அடிக்கு முன்னே ஒன்றரை அடி, பின்னே இரண்டடிதான். அதனால் ஆளை எடுக்கும்போது மேகம் வந்தாலும் நான் 8-க்குக் கீழே இறங்குவதில்லை.

வெளிச்ச மீட்டரும் கிடையாது. இந்தக் கரையில் அது பெரிய விஷயமில்லை, வருடத்தில் முக்கால்வாசி நாள் ஒரே வெயில்தான். நல்ல வெயிலில் துவாரம் 16, ஷட்டர் வேகம் ஒன்றின் கீழ் பிலிமின் ஐஎஸ்ஓ எண் (பிலிம் வெளிச்சத்தை வாங்கும் வேகம்; 125 என்றால் 1/125) என்பது பழைய கணக்கு. ஆனால் தனுஷ்கோடி மணலும் தண்ணீரும் திருப்பி அடிக்கிற வெளிச்சத்தில் ஒரு ஸ்டாப், அதாவது பாதி வெளிச்சம், குறைக்க வேண்டும். இங்கேதான் பலர் 400 பிலிம் போட்டு மாட்டிக்கொள்கிறார்கள். 1/200-ல் 22 வைத்தும் வெளிச்சம் ஒரு ஸ்டாப் கூடுதலாக விழும். இல்ஃபோர்டு எஃப்பி4 மாதிரி 125 பிலிம் போட்டால் 1/200-ல் 16, நிம்மதி. 1964 டிசம்பர் புயலில் இடிந்த அந்த மாதாகோவிலைக் காலை ஏழு மணிக்கு முன்னால் எடுங்கள். அப்புறம் வேன்கள் வந்துவிடும்.

உப்பு. இதைப் பற்றி ஜெர்மன்காரர் யோசித்திருக்க மாட்டார். கொண்டல் காற்று அடிக்கிற நாளில் அரிச்சல்முனையில் பத்து நிமிடம் கேமராவைத் திறந்து வைத்தால் லென்ஸில் பிசுபிசுப்பு தெரியும். வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் உடம்பைத் துடைத்து, காயவிட்டு, மூடி இறுகிய டப்பாவில் வைக்கிறேன். டப்பாவுக்குள் மாத்திரை டப்பாக்களில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள். என் தொழிலில் அதற்குப் பஞ்சமில்லை. மடக்குக் கேமராவின் வசதி, கதவு மூடினால் லென்ஸ் உள்ளே பத்திரம்.

கழுவுவதற்கு வெளியூர் அனுப்பலாம், நான் வீட்டிலேயே செய்கிறேன். கறுப்பு வெள்ளைக்கு டி-76 டெவலப்பர் போதும். மெட்டால், ஹைட்ரோகுயினோன், சோடியம் சல்பைட், வெங்காரம் என்று நாலே சரக்கு. மருந்துக்கடைக்காரனுக்கு இது இருமல் சிரப்பைவிட எளிது. சிக்கல் வேறு. 20 டிகிரியில் ஒன்றுக்கு ஒன்று தண்ணீர் கலந்து எஃப்பி4-க்கு 11 நிமிடம் என்று கணக்கு. எங்கள் குழாயில் சித்திரை மாதம் முப்பதுக்கு மேல். அந்தச் சூட்டுக்கு நேரத்தைக் குறைத்தால் ஐந்து நிமிடத்துக்கும் கீழே போகும், படம் திட்டுத் திட்டாக வரும். அதனால் மீன் இறங்கும் இடத்துக்குப் போய்ப் பத்து ரூபாய்க்கு உடைத்த ஐஸ் வாங்குகிறேன். முதல் தடவை ஐஸ்காரத் தம்பி, “மீன் எங்கண்ணே?” என்று பையை எட்டிப் பார்த்தான். பிலிம் கழுவ என்றதும் சிரித்துவிட்டு இன்னொரு கை அள்ளிப் போட்டான். ஐஸ் வாளிக்குள், பாட்டில்கள் ஐஸுக்குள். டெவலப்பரில் நேராகப் போட்டுவிடாதீர்கள். தடைக்காலத்தில், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, விசைப்படகு போகாததால் ஐஸும் அவ்வளவாகக் கிடைக்காது, வெயிலோ உச்சத்தில். அந்த இரண்டு மாதம் ரோல்கள் பிரிட்ஜில் காத்திருக்கும்.

கழுவும் டப்பாவின் ரீலில் பிலிமை ஏற்றுவதை இரவு பத்துக்கு மேல், குளித்துவிட்டு, கையில் ஈரமில்லாமல் துடைத்துக்கொண்டு செய்கிறேன். பிலிம் மாற்றும், வெளிச்சம் புகாத பைக்குள் கையை விட்டால் வியர்த்து, பிளாஸ்டிக் ரீலில் பிலிம் பாதியில் ஒட்டிக்கொள்ளும். படத்தை நிலைநிறுத்தும் ஹைப்போ போக அலசுவதற்கு எங்கள் உப்புத் தண்ணீர் பரவாயில்லை. சொல்லப்போனால் உப்பு ஹைப்போவைச் சீக்கிரமாகவே வெளியேற்றும். கடைசி இரண்டு அலசல் மட்டும் கண்டிப்பாகக் கேன் தண்ணீர், இல்லாவிட்டால் காய்ந்ததும் வெள்ளை வெள்ளையாகப் பூத்துவிடும்.

ஸ்கேனர் வாங்கவில்லை. தெரிந்த டாக்டர் கழித்துப் போட்ட எக்ஸ்ரே பார்க்கும் லைட் பெட்டியின் மேல் நெகட்டிவை வைத்து டிஜிட்டல் கேமராவால் எடுத்துக்கொள்கிறேன். அதில் வைத்து வெறுங்கண்ணால் பார்ப்பதே தனிச் சுகம். 35 மி.மீ. நெகட்டிவைவிட மூன்றரை மடங்கு பெரிசு. பழைய பாம்பன் பாலத்தின் தூக்குப்பாலமும் 2025-ல் திறந்த புதுப்பாலமும் ஒரே சதுரத்தில், ரோட்டுப் பாலத்திலிருந்து எடுத்தது ஒன்று இருக்கிறது. ஆணிகூடத் தெரிகிறது.

செலவு என்று பார்த்தால் ரோல் ஆயிரத்தை ஒட்டி வருகிறது, மருந்து, ஐஸ் எல்லாம் சேர்த்து ஒரு படம் நூறு ரூபாய்க்குக் கொஞ்சம் கீழே. ஓடுகிற பிள்ளைகளை எடுக்க, கல்யாண வீட்டில் எடுக்க, இருட்டில் எடுக்க இது ஆகாது. ஜல்லிக்கட்டுக்கு எடுத்துப் போய்ப் பன்னிரண்டு தூசிப் படலம் கொண்டுவந்தேன்.

வாங்கும்போது உள்ளே காலி ஸ்பூல் ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள், இல்லாமல் முதல் ரோலைச் சுற்ற முடியாது. காரைக்குடிக்காரர் அதைக் குப்பை என்று எடுத்து வீசப் போனார், கையைப் பிடித்து நிறுத்தினேன்.