காய்ந்த விறகு என்று சொல்லிப் பச்சைப் புளியங்கட்டையை இறக்கிவிட்டார்கள்: விறகு வாங்குவோர் கவனத்துக்கு

கோபிச்செட்டிபாளையத்துக்குப் பக்கத்தில் உள்ள எங்கள் தோட்டத்து வீட்டில், குளிக்கத் தண்ணீர் காய்வது இன்றும் புகைபோக்கி வைத்துக் கட்டிய விறகடுப்பில்தான். ஐப்பசி மழைக்கு முன்பே சேர்த்து வைத்துவிடலாம் என்று வைகாசியில் ஒரு விறகு மண்டியில் டன் 6,500 ரூபாய்க்குப் பேசி, ஒரு டன் புளிய விறகு வாங்கினேன். "ஆறு மாசம் வெயில்ல கெடந்ததுங்க, தீக்குச்சியக் காட்டுனாப் பத்திக்குமுங்க" என்றார் மண்டிக்காரர். எடை மேடைச் சீட்டில் ஒரு கிலோவும் குறையவில்லை. அந்த எடையில் தண்ணீர் எவ்வளவு என்று கேட்கத்தான் எனக்குத் தோன்றவில்லை.

டிராக்டரில் மேலே கிடந்த இரண்டு அடுக்கு உண்மையாகவே காய்ந்த விறகு. அதற்குக் கீழே இருந்தவை பிளக்காத உருட்டுக் கட்டைகள். பட்டை கட்டையோடு ஒட்டிக்கொண்டிருந்தது, அறுத்த முகத்தில் வெடிப்பே இல்லை. கண்ணில் பட்டும், வைரம் பாய்ந்த மரம் அப்படித்தான் இருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

மேலடுக்கு தீர்ந்த பிறகுதான் வினை தொடங்கியது. தீயை எட்டாத முனையில் நுரை கட்டி, சீறிக்கொண்டே தண்ணீர் சொட்டியது. "வெறகு அழுவுது பாரு அப்புனு" என்றார் ஆத்தா. ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோக அதிகபட்சம் 100 கிலோ கலோரி போதும்; அதை ஆவியாக்கவோ மேலும் 540 வேண்டும். ஆக, அண்டாவுக்குப் போக வேண்டிய வெப்பத்தில் ஒரு பகுதியை விறகுக்குள் இருந்த தண்ணீரே தின்றுவிட்டது; ஈரத்தால் தீயும் மந்தமாகவே எரிந்தது. அரை மணியில் காய்ந்த அண்டா ஒன்றரை மணி நேரம் எடுத்தது.

அதைவிட மோசம் புகைபோக்கியின் கதி. ஈர விறகின் புகை முழுதாக எரியாமல், சூடும் குறைவாக மேலே ஏறுவதால், குழாயின் சுவரில் பட்டுக் குளிர்ந்து தாராகப் படிகிறது. மூன்றே வாரத்தில் குழாய் மூட்டிலிருந்து சுண்ணாம்புச் சுவர் மேல் பழுப்புக் கோடு வழிந்தது. உள்ளே சுரண்டியபோது கறுத்துப் பளபளத்த படிவம் செதில் செதிலாக வந்தது. இது தீப்பிடிக்கும் பொருள் என்பதையும், ஒருநாள் நன்றாகக் காய்ந்த விறகைப் போட்டுத் தழல் ஓங்கினால் குழாய்க்குள்ளேயே பற்றிக்கொள்ளலாம் என்பதையும் பச்சை விறகு எரிப்பவர்கள் அறிந்திருக்க வேண்டும்.

மண்டிக்குப் போய்க் கேட்டதற்கு, "உங்க அடுப்புலதானுங்க காத்து இழுக்கல" என்று பதில் வந்தது. அன்றே ஒரு கட்டையைப் பிளந்து நிறுத்தேன்: 2 கிலோ 400 கிராம். அடுப்புக்கு மேல் பரணில் மூன்று மாதம் கிடந்த பிறகு அதே துண்டு 1 கிலோ 650 கிராம். கீழே இருந்த கட்டைகளில் நூறு கிலோவுக்கு முப்பது கிலோ தண்ணீருக்குத்தான் பணம் கொடுத்திருக்கிறேன்.

ஆகவே, எடை போடும் முன்பே, வண்டியின் அடியிலிருந்து ஒரு கட்டையை உருவச் சொல்லி, அங்கேயே பிளக்கச் சொல்லுங்கள். வெளிமுகம் ஒரு வார வெயிலிலேயே காய்ந்ததுபோல் ஏமாற்றும். பிளந்த உள்முகத்தைக் கன்னத்தில் வைத்தால் சில்லென்று இருப்பது பச்சை. இரண்டு துண்டுகளைத் தட்டினால் காய்ந்தது கணீரென்னும், பச்சை பொத்தென்னும். மரத்தின் ஈரத்தை அளக்கும் ஈரமானிக் கருவி இருந்தால் அதையும் பிளந்த உள்முகத்திலேயே குத்திப் பாருங்கள். 20 சதவீதத்துக்கு மேல் காட்டினால் அது அடுப்புக்கு ஆகாது. பிளக்க மறுக்கும் மண்டியில் வாங்க வேண்டாம்.

மிச்சத்தைப் பிளந்து, செங்கல் மேல் இடைவெளி விட்டு அடுக்கி, மேலே மட்டும் தகரம் போட்டிருக்கிறேன். ஆடிக் காற்று பாதியை உலர்த்திவிட்டது. மீதிக்கு அடுத்த வருடம் ஆகும். அதுவரை தென்னை மட்டைதான் எரிகிறது. பணத்தைக் கேட்டால், "அடுத்த லோடுல பாத்துக்கலாமுங்க" என்கிறார் மண்டிக்காரர்.