அறையைச் சூடாக்குவதா, ஆளைச் சூடாக்குவதா?

வெளியே மைனஸ் 10 டிகிரி, மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் காற்று. அந்தக் காற்றில் நிற்பவரின் முகத்துக்கு அது மைனஸ் 20 மாதிரிதான். உள்ளே ஜன்னல் கண்ணாடியில் ஈரம் கோத்து, ஓரங்களில் பனிப்பூ பிடிக்க ஆரம்பித்திருக்கிறது. இப்படிப்பட்ட ராத்திரியில் ஒரே வீட்டில் இரண்டு கட்சி உருவாகிவிடும். ஹீட்டரை இன்னும் கூட்டு என்பவர் ஒரு பக்கம், இன்னொரு சட்டையைப் போடு என்பவர் மறுபக்கம்.

நான் இரண்டாவது கட்சி. ஆனால் முழுக்க இல்லை.

கணக்கு எளிது. சாதாரண ரூம் ஹீட்டர் 1,500 வாட். ஒரு மணி நேரம் ஓடினால் ஒன்றரை யூனிட். மின்போர்வைக்கு 100 வாட்டை ஒட்டிய மின்சாரம் போதும். சும்மா உட்கார்ந்திருக்கும் மனித உடம்பு தானாகவே கிட்டத்தட்ட 100 வாட் வெப்பத்தை வெளியே விட்டுக்கொண்டிருக்கிறது. அதை ஓடவிடாமல் பிடித்து வைப்பதுதான் துணியின் வேலை. கூரை வரைக்கும் உள்ள காற்றையெல்லாம் சூடாக்கி, அது ஜன்னல் இடுக்கு வழியாகப் போவதை வேடிக்கை பார்ப்பதைவிட இது சிக்கனம்.

அதற்காக ஹீட்டரே வேண்டாம் என்று சொல்லிவிட முடியாது. குளிர்காலத்தில் வீட்டுக்குள் குறைந்தது 18 டிகிரி இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கம்பளிக்குள் புதைந்து கிடந்தாலும் மூச்சில் போவது குளிர்காற்றுதான். குளிரில் ரத்தக் குழாய்கள் சுருங்கி ரத்த அழுத்தம் ஏறும்; ஆஸ்துமா இருப்பவருக்கு நெஞ்சு இறுகும். அதனால் 18 வரை அறைக்கு, அதற்கு மேல் வேண்டியதை உடம்புக்கு என்று பிரித்துக்கொள்வது என் வழக்கம். வயதானவரோ கைக்குழந்தையோ இருந்தால் அறைப் பக்கம் இன்னும் கொஞ்சம் சாயலாம்.

சரி, எந்த ஹீட்டர்? மின்சாரத்தில் ஓடும் எல்லாமே ஒரு யூனிட்டுக்கு ஒரே அளவு வெப்பத்தைத்தான் தருகின்றன. “எங்கள் ஹீட்டர் பாதி மின்சாரத்தில் அதே சூடு” என்ற விளம்பரத்தை நம்பாதீர்கள். ஏசி போல வெளிக்காற்றிலிருந்து வெப்பத்தை இழுக்கும் ஹீட் பம்ப் மட்டும் இதற்கு விலக்கு. மற்றவற்றில் வித்தியாசம் நடத்தையில்தான். ஃபேன் ஹீட்டர் போட்ட ஓரிரு நிமிடத்தில் காலில் சூடு படும், அணைத்தால் அதே வேகத்தில் போய்விடும். குளியலறைக்குப் போகும் முன் ஐந்து நிமிடம் என்றால் இதுதான் சரி. ஆயில் ஹீட்டர் சோம்பேறி. அரை மணி நேரம் தொட்டுத் தொட்டுப் பார்க்க வைக்கும். ஆனால் உள்ளிருக்கும் எண்ணெய் எரிவதில்லை, சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும், அவ்வளவுதான். அணைத்த பிறகும் வெதுவெதுப்பு நீடிக்கும். சத்தமில்லை, கனன்று சிவக்கும் கம்பியும் இல்லை. நீண்ட நேரத்துக்கு என் ஓட்டு இதற்குத்தான்.

எதை வாங்கினாலும் சுவர் பிளக்கிலேயே நேராகச் செருகுங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் போட்டு ஒரு மணி நேரம் ஓட்டிய பிறகு பிளக்கைத் தொட்டுப் பார்த்தால் தெரியும்: பின் சுடும், துளையைச் சுற்றி பிளாஸ்டிக் பழுப்பேறியிருக்கும். நான் ஒருமுறை உருகின வாடை வந்த பிறகுதான் கவனித்தேன். கட்டிலுக்கும் திரைச்சீலைக்கும் ஹீட்டருக்கும் நடுவே ஒரு மீட்டராவது இடம் வேண்டும். அதன்மேல் சாக்ஸ் காயப்போடுகிற ஆசையையும் விட்டுவிடுங்கள்.

மின்போர்வையா, வெந்நீர்ப் பையா என்றால், மின்சாரம் இருக்கும்வரை மின்போர்வை. படுக்குமுன் போட்டு, படுத்ததும் அணைத்துவிடலாம். மடித்து வைக்கக் கூடாது, உள்ளே கம்பி ஒடியும். வெந்நீர்ப் பைக்குக் கொதிக்கிற தண்ணீர் ஆகாது. முக்கால் பாகம் ஊற்றி, பையை மெதுவாக அழுத்தி, தண்ணீர் கழுத்து வரை ஏறி நிற்கும்போது மூடியைத் திருகினால் உள்ளே காற்று தங்காது. ரப்பர் வெளிறி வெடிப்பு விட்டிருந்தால் தூக்கிப் போட்டுவிடுங்கள். சர்க்கரை நோயால் பாதம் மரத்துப் போனவருக்கு இரண்டுமே ஆபத்து: தோல் வெந்துகொண்டிருப்பதே தெரியாது. கைக்குழந்தையின் படுக்கையிலும் இரண்டும் வேண்டாம்.

இதுவரை சொன்னதெல்லாம் வசதி பற்றிய ஒப்பீடு. மின்சாரம் போய்விட்டால் கதை மாறிவிடும். நெருப்பு மூட்டுவதா, ஒடுங்கிக்கொள்வதா என்பதுதான் அப்போதைய கேள்வி. இதில் தப்பு செய்தால் திருத்த வாய்ப்பு கிடைக்காது.

2021 பிப்ரவரியில் டெக்சாஸ் மாநிலத்தில் பனிப்புயலால் லட்சக்கணக்கான வீடுகள் இருண்டன. அரசுக் கணக்கில் மட்டும் 246 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் குளிரால். ஆனால் குளிருக்குப் பயந்து கரி அடுப்பை வீட்டுக்குள் கொண்டுவந்தவர்களும், கராஜுக்குள் காரை ஓடவிட்டு அதில் உட்கார்ந்தவர்களும் உண்டு. அவர்களைத் தாக்கியது கார்பன் மோனாக்சைடு. அதற்கு நிறமில்லை, வாசனையில்லை. ரத்தத்தின் ஹீமோகுளோபினில் ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். புகை அடங்கி, கரி செக்கச்செவேல் என்று கனலும்போது “இனி பயமில்லை” என்று தோன்றும். புகைதான் போயிருக்கும், வாயு வந்துகொண்டேயிருக்கும். ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்தால் போதாதா என்பார்கள். போதாது. ஜெனரேட்டர் என்றால் வீட்டை விட்டு 6 மீட்டராவது தள்ளி, வெளியே. வீட்டில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலைவலி, குமட்டல், ஆனால் யாருக்கும் காய்ச்சல் இல்லை என்றால் அது சளிக்காய்ச்சல் என்று படுத்துவிடாமல் உடனே வெளியே வாருங்கள். இந்த வாயுவைக் கண்டு கத்தும், பேட்டரியில் ஓடும் அலாரம் ஒன்று படுக்கையறைப் பக்கம் இருப்பது நல்லது.

ஆக, ஒடுங்குவது. எல்லோரும் ஒரே அறைக்கு, இருப்பதிலேயே சின்ன அறைக்கு. கதவிடுக்கில் துணி, ஜன்னலில் போர்வை. மேஜை மேல் போர்வையைப் போர்த்தி உள்ளே படுத்தால் நான்கைந்து உடம்புகளின் சூடே அந்த இடத்தை மாற்றிவிடும். பிள்ளைகளுக்கு இது விளையாட்டு வேறு. மேலே போர்த்துவதைவிட அடியில் விரிப்பதுதான் முக்கியம், தரை வெப்பத்தை இழுத்துக்கொண்டே இருக்கும்.

துணியில் பருத்தியும் கம்பளியும் மோதினால் போட்டியே இல்லை. தண்ணீர் காற்றைவிட சுமார் 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். பருத்தி வியர்வையைக் குடித்துவிட்டு உடம்போடு ஒட்டிக்கொள்ளும். கம்பளி ஈரமானாலும் ஓரளவு காக்கும். இறகு அடைத்த ஜாக்கெட் உலர்ந்திருக்கும்வரை ராஜா, நனைந்தால் வெறும் சாக்கு. கையுறையில், நான்கு விரலும் ஒரே பைக்குள் போகிற வகை, விரல் விரலாகப் பிரித்ததைவிடக் கதகதப்பு. போனைத் தட்ட முடியாது, அது வேறு விஷயம்.

குளிருக்கு மது என்ற கட்சிக்கு ஒரு வரி போதும்: தோலுக்கு ரத்தம் பாய்வதால் சூடு போல் தோன்றும், உண்மையில் உள்சூடு வெளியே போய்க்கொண்டிருக்கும்.

விரல் வெளுத்து மரத்துப் போனால் தேய்ப்பதா, தண்ணீரில் வைப்பதா? தேய்த்தால் உறைந்த திசு இன்னும் சிதையும். 37 முதல் 39 டிகிரி வெதுவெதுப்பான தண்ணீரில் வையுங்கள், மரத்துப் போகாத கையால் சூடு பார்த்துவிட்டு. திரும்ப உறையும் வாய்ப்பு இருந்தால் அங்கே இளக்க வேண்டாம், முதலில் கதகதப்பான இடத்துக்குப் போய்ச் சேருங்கள்.

கடைசியாக, ஒருவருக்கு உடம்பு குளிர்ந்துவிட்டதா என்று பார்க்கக் கையைத் தொடுவதைவிட வயிற்றைத் தொடுங்கள். கை எல்லோருக்கும் சில்லிட்டுத்தான் இருக்கும். சட்டைக்கு உள்ளே வயிறும் சில்லென்று இருந்தால், பேச்சு குழறினால், அதுவரை வெடவெடத்தவர் சூடேறாமலேயே நடுக்கம் நின்று அமைதியாகிவிட்டால், “பரவாயில்லை, தூங்கட்டும்” என்று விடாதீர்கள். உள்சூடு 35 டிகிரிக்குக் கீழே போய் நெடுநேரம் ஆகியிருக்கும். ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுவிட்டு, ஈரத்துணியைக் கழற்றி, அடியிலும் மேலும் போர்வை போட்டு, நெஞ்சுப் பகுதியை முதலில் சூடாக்குங்கள். கைகால்களை அப்புறம் பார்க்கலாம்.