வீணைக்கும் மிக்சருக்கும் நடுவே ஒரு சின்னப் பெட்டி: ஐந்து ஆண்டு அனுபவம்

அக்காவின் வீணையில் ஒட்டியிருக்கும் பியசோ பிக்கப்புக்காக (அதிர்வை மின் சிக்னலாக மாற்றும் வில்லை) நான் செய்து கொடுத்த பஃபர் பெட்டி (சிக்னலைத் தளரவிடாமல் அடுத்த கருவிக்குக் கைமாற்றும் சுற்று) ஐந்து ஆண்டுகளாக உழைக்கிறது. ஒரே ஒரு ஜேஃபெட் (ஒருவகை டிரான்சிஸ்டர்), சில மின்தடைகள், மின்தேக்கிகள், 9 வோல்ட் பேட்டரி, உள்ளே அவ்வளவுதான். இது சிக்னலைத் துளியும் பெருக்காது. உள்ளே போவதைவிடச் சற்றுக் குறைவாகத்தான் வெளியே வரும். ஆனாலும் இதைச் செருகிய முதல் நாளே மிக்சரின் கெயினை, அதாவது பெருக்கும் அளவை, பாதிக்கும் கீழே இறக்க வேண்டியிருந்தது.

அதற்கு முன் பிக்கப்பை நேராக மிக்சரின் லைன் உள்ளீட்டில் செருகுவோம். மீட்டு விழும் 'டிக்' மட்டும் கணீரென்று கேட்கும், நாதம் வராது. "அனுமந்தரத்தை மீட்டுகிறேனா இல்லையா என்று எனக்கே தெரியவில்லையடா" என்பார் அக்கா. அனுமந்தரம் என்பது வீணையின் மிகத் தாழ்ந்த தந்தி. கெயினை ஏற்றினால் இரைச்சல்தான் ஏறும்.

பியசோ வில்லை என்பது மின்சுற்றின் கணக்கில் ஒரு மின்தேக்கி. எங்களுடையதை அளந்தபோது சுமார் 10 நானோஃபாரட். லைன் உள்ளீட்டின் இம்பீடன்ஸோ (சிக்னலுக்கு அது காட்டும் மின்தடுப்பு) 10 கிலோ ஓம். இரண்டும் சேர்ந்தால் 1,600 ஹெர்ட்ஸுக்குக் கீழே எல்லாம் சரியத் தொடங்கிவிடும். அக்கா மூன்று கட்டையில் சுருதி சேர்ப்பவர். முதல் தந்தியான சாரணி 165 ஹெர்ட்ஸ். அந்த ஸ்வரத்தின் அடிப்படை அதிர்வில் பத்தில் ஒரு பங்குதான் மிக்சருக்குள் போய்ச் சேர்ந்தது. 62 ஹெர்ட்ஸ் அனுமந்தரத்துக்கு இருபத்தைந்தில் ஒரு பங்கு! பெட்டியின் உள்ளீட்டு இம்பீடன்ஸ் 1 மெகா ஓம் என்பதால் அந்தச் சரிவு 16 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிட்டது.

இரு பக்க இம்பீடன்ஸும் சமமாக இருக்க வேண்டும் என்று கல்லூரியில் படித்ததையே நெடுநாள் நம்பியிருந்தேன். ஆன்டெனாவுக்கு அது சரி, அங்கே திறன் முழுதும் போய்ச் சேர வேண்டும். நமக்கு வேண்டியது வோல்டேஜ். சமமாக வைத்தால் பாதி போய்விடும், அதாவது 6 டெசிபல். வாங்கும் பக்கம் பத்து மடங்கு இருந்தால் இழப்பு ஒரு டெசிபலைக்கூடத் தொடாது.

தொல்லைகளும் உண்டு. முதலில் பிளாஸ்டிக் டப்பாவில் வைத்தேன். கையைக் கிட்டே கொண்டுபோனாலே 50 ஹெர்ட்ஸ் ரீங்காரம். அலுமினியப் பெட்டிக்கு மாற்றியதும் அடங்கியது. இரண்டாம் ஆண்டு ஐப்பசி மழையில் கரகரப்பு வந்தது. பற்றவைத்தபோது தங்கிய ஃபிளக்ஸில் (ஈயம் ஒட்ட உதவும் பசை) ஈரம் ஏறி, ஜேஃபெட்டின் கேட் என்ற உள்ளீட்டுக் காலில் மின்கசிவு. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து வார்னிஷ் பூசினேன், இன்றுவரை திரும்பவில்லை. வீணையிலிருந்து பெட்டிக்கு வரும் ஒயரை ஒரு மீட்டருக்குள் வைத்துக்கொள்கிறோம். பெட்டிக்குப் பிறகு பத்து மீட்டர் இழுத்தாலும் கவலையில்லை.

கச்சேரி முடிந்ததும் பேட்டரியைக் கழற்றத்தான் மறந்துவிடுகிறோம். ஜாக்கைச் செருகினால் மட்டும் மின்சாரம் வரும்படி ஸ்டீரியோ சாக்கெட் வாங்கி வைத்திருக்கிறேன்; இந்த நவராத்திரிக்கு முன் மாற்றிவிட வேண்டும்.