டிவிக்கும் இணையத்துக்கும் ஒரே கம்பியா, தனித்தனியா?

டிவியும் இணையமும் சேர்ந்த கூட்டுத் தொகுப்பை ஒரே நிறுவனத்திடம் நான்கு ஆண்டுகள் வைத்திருந்தேன். பத்து மாதங்களுக்கு முன் இரண்டையும் பிரித்துவிட்டேன். இப்போது இணையம் ஃபைபரில் வருகிறது. டிவிக்கு வேறொரு நிறுவனத்தின் சிறிய கேபிள் இணைப்பு. இரண்டு பில், இரண்டு கடைசித் தேதி, மாதச் செலவும் முன்பைவிடக் கொஞ்சம் கூடுதல். ஆனாலும் பழையபடி சேர்த்து வாங்கும் எண்ணம் எனக்குத் துளியும் இல்லை. இதற்குக் காரணம் வேகமோ சேனல் எண்ணிக்கையோ இல்லை. பழுதாகும் நாளில் இரண்டு ஏற்பாடுகளும் எப்படி நடந்துகொள்கின்றன என்பதே காரணம்.

விலையை முதலில் முடித்துவிடுகிறேன். சேர்த்து வாங்கினால் மலிவு என்பது பெரும்பாலும் உண்மை. ஆனால் விளம்பரத்தில் இருப்பது சலுகைக் காலத்துக் கட்டணம். அது முடிந்த பிறகு என்ன கட்டணம், செட்டாப் பாக்ஸுக்கும் மோடத்துக்கும் வாடகை உண்டா, ஒப்பந்தத்தின் நடுவில் விட்டால் என்ன கட்ட வேண்டும் என்று கேட்டு, இரண்டு ஆண்டுக்குக் கூட்டிப் பாருங்கள். என் கணக்கில் வித்தியாசம் நான் பயந்த அளவுக்கு இல்லை. சேனல் விஷயத்துக்கு இன்னும் எளிய வழி இருக்கிறது: இரண்டு வாரம் வீட்டில் யார் எதைப் பார்த்தார்கள் என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள். முந்நூற்றுச் சொச்சம் சேனல்களுக்குப் பணம் கட்டிக்கொண்டிருந்த எங்கள் வீட்டில் தாளில் ஏறியவை பதினொன்று.

வேகமும் அப்படித்தான். 100 மெகாபிட் என்று எழுதியிருந்தால், கோப்பு இறங்கும் கணக்கில் அது நொடிக்கு 12.5 மெகாபைட். ஒரு முழு எச்டி படம் ஓட 5 மெகாபிட் போதும். 4கே படத்துக்கு 15 முதல் 25 வரை. நான்கு பேர் உள்ள வீட்டுக்கு 100 தாராளம். அதற்கு மேல் 300, 500 என்று விற்பதில் பாதி, வீட்டுக்குள் வைஃபை எட்டாத மூலையில் வீணாகிறது. கேட்க வேண்டிய எண் பதிவேற்ற வேகம். காணொளி அழைப்பும், படங்களைச் சேமிப்பகத்துக்கு அனுப்புவதும் அதை நம்பியே இருக்கின்றன. விளம்பரத்தில் அது சிறிய எழுத்தில்தான் இருக்கும். கேபிளில் அந்த எண் ஏன் குறைவு என்பதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. கேபிள் வலையமைப்பு டிவி நிகழ்ச்சிகளை ஒரே திசையில் வீடுகளுக்கு அனுப்பக் கட்டப்பட்டது. இணையம் பின்னால் வந்து ஏறியது. வீட்டிலிருந்து மேல்நோக்கிச் செல்ல அலைவரிசையின் அடிப்பகுதியில் ஒரு குறுகிய சந்துதான் ஒதுக்கப்பட்டது. பல பழைய வலையமைப்புகளில் 5 முதல் 42 மெகாஹெர்ட்ஸ் வரை, சிலவற்றில் 65 வரை. அதற்கு மேல் உள்ள அகன்ற சாலை முழுவதும் கீழ்நோக்கி வருவதற்கு.

அந்தக் குறுகிய சந்துதான் என்னை மாற்ற வைத்தது.

மழை பெய்யும் மாலைகளில் என் காணொளி அழைப்புகள் அறுந்தன. எதிரே இருப்பவரின் குரல் எனக்குத் தெளிவாகக் கேட்கும். என் குரல் அவருக்குத் துண்டு துண்டாகப் போகும். டிவியில் ஒரு புள்ளிகூடச் சிதறாது. வேகச் சோதனையில் பதிவிறக்கம் முழுதாகக் காட்டும். புகார் கொடுத்தால் இரண்டு நாள் கழித்து, மழை விட்டபின் ஆள் வருவார். டிவியைப் போட்டுப் பார்த்துவிட்டு, "சிக்னல் நன்றாக இருக்கிறது, சார்" என்பார். ஏழு மாதத்தில் நான்கு முறை வந்தார்கள். இரண்டு முறை மோடத்தை மாற்றினார்கள். ஒரே நிறுவனம்தான், ஆனால் டிவி பிரிவும் இணையப் பிரிவும் வேறு வேறு. கம்பி டிவி பிரிவின் பொறுப்பு என்று இவர்களும், டிவி ஓடுகிறதே என்று அவர்களும் சொன்னார்கள். நடுவில் என் வேலை போய்க்கொண்டிருந்தது.

ஐந்தாவதாக வந்தவர் அனுபவசாலி. டிவி பக்கமே போகாமல், வெளிச்சுவரில் கம்பி வீட்டுக்குள் நுழையும் இடத்துக்கு நேராகப் போனார். அங்கிருந்த ஸ்பிளிட்டரின், அதாவது ஒரு கம்பியைப் பல கிளைகளாகப் பிரிக்கும் சிறு பெட்டியின், இணைப்பியைக் கழற்றிக் காட்டினார். உள்ளே செம்பு பச்சை பூத்திருந்தது. மழை நீர் கசிந்து இறங்கும்போது இணைப்பு கெடும், காய்ந்ததும் சரியாகிவிடும். அதனால்தான் வந்த நால்வருக்கும் எதுவும் புலப்படவில்லை. அவர் போன பிறகு ஒரு வாரம் இதைப் பற்றியே படித்தேன். படித்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

கேபிள் இணைப்புக்குப் பயன்படும் செம்புக் கம்பிக்குக் கோஆக்சியல் என்று பெயர். அதில் எங்காவது உறை விலகினாலோ இணைப்பி தளர்ந்தாலோ வெளி இரைச்சல் உள்ளே நுழைகிறது. மோட்டார், பழைய மின்விளக்கு, சிற்றலை வானொலி எல்லாமே அதற்குக் காரணமாகலாம். இந்த இரைச்சல் அதிகம் சேர்வது அடிப்பகுதி அலைவரிசையில், அதாவது பதிவேற்றம் நடக்கும் அதே சந்தில். டிவி சேனல்கள் மேலே, அகன்ற சாலையில் வருவதால் அவற்றுக்கு ஒன்றும் ஆவதில்லை. அதைவிட மோசமான செய்தி ஒன்று உண்டு. ஒரு தெருமுனைப் பெட்டியோடு சில நூறு வீடுகள்வரை இணைந்திருக்கலாம். மேல்நோக்கிப் போகும்போது அத்தனை வீட்டு இரைச்சலும் புனலில் ஊற்றியதுபோல ஒன்றாகச் சேர்கிறது. நான்கு வீடு தள்ளி ஒருவர் வீட்டு இணைப்பி துருப்பிடித்தாலும் என் அழைப்பு அறுந்துபோகலாம். என் வீட்டில் எத்தனை முறை மோடத்தை மாற்றினாலும் அது தீராது.

கூட்டுத் தொகுப்பு இந்தச் சிக்கலைக் கூட்டுகிறது. இரண்டு டிவியும் ஒரு மோடமும் ஒரே கம்பியில் என்றால் ஸ்பிளிட்டர் தவிர்க்க முடியாதது. இரண்டாகப் பிரித்தால் ஒவ்வொரு கிளையிலும் சுமார் 3.5 டெசிபெல் இழப்பு. நான்காகப் பிரித்தால் சுமார் 7, அதாவது ஐந்தில் ஒரு பங்கு வலிமைதான் மிஞ்சும். இழப்பை ஈடுகட்ட மோடம் மேலும் உரக்கக் கத்த வேண்டியிருக்கிறது. அதற்கும் ஓர் எல்லை உண்டு. கூட்டுத் தொகுப்பிலேயே இருக்கப் போகிறவர்கள் ஒன்றை மட்டுமாவது செய்யுங்கள்: கம்பி வீட்டுக்குள் வந்ததும் முதலில் ஓர் இருவழி ஸ்பிளிட்டர், அதன் ஒரு கிளை நேராக மோடத்துக்கு, மற்றொன்றிலிருந்து எல்லா டிவிகளுக்கும். பயன்படுத்தாத முனைகளைத் திறந்து விடாமல் அவற்றுக்குரிய 75 ஓம் மூடியைப் போடச் சொல்லுங்கள். இதை முதல் நாளே செய்திருந்தால் என் ஏழு மாதத்தில் கொஞ்சமாவது மிஞ்சியிருக்கும்.

இனி ஃபைபர். கண்ணாடி இழைக்குள் ஒளிதான் போகிறது. மின் இரைச்சல் அதைத் தொடாது. நீர் கசிந்து பச்சை பூக்கவும் உள்ளே செம்பு இல்லை. இடி மின்னலில் கம்பி வழியே மின்னழுத்தம் பாய்ந்து மோடம் கருகும் அபாயம், முழுக்க இழையாலான கேபிளில் இல்லை. என் வீட்டுக்கு வருவது ஜிபான் (GPON) வகை, அதாவது ஓர் இழையின் ஒளியைப் பல வீடுகளுக்குப் பிரித்துத் தரும் ஏற்பாடு: கீழ்நோக்கி நொடிக்கு 2.488 கிகாபிட், மேல்நோக்கி 1.244 கிகாபிட், இதைப் பொதுவாக 32 அல்லது 64 வீடுகள் பகிர்ந்துகொள்கின்றன. பகிர்வு இதிலும் இருக்கிறது. ஆனால் மேல்நோக்கிய பாதி, சந்தாக இல்லாமல் சாலையாக இருக்கிறது.

நான் எதிர்பார்க்காத லாபம் மின்வெட்டில் கிடைத்தது. கேபிளில் நிலையத்துக்கும் வீட்டுக்கும் நடுவே தெருவில் சிக்னலை வலுப்படுத்தும் பெருக்கிகள் இருக்கின்றன. அவற்றுக்கு மின்சாரம் வேண்டும். தெருவில் மின்சாரம் போய், பெருக்கியின் பேட்டரியும் தீர்ந்துவிட்டால் என் வீட்டில் யுபிஎஸ் இருந்தும் பயனில்லை. ஜிபானில் நடுவே இருப்பவை இழையும் ஒளியைப் பிரிக்கும் கண்ணாடிப் பிரிப்பானும்தான். அவற்றுக்கு மின்சாரமே தேவையில்லை. 20 கிலோமீட்டர் வரை இப்படியே போகலாம். பல இடங்களில் ரவுட்டரும் ஃபைபர் பெட்டியும் 12 வோல்ட்டில் ஓடுபவை. ஒரு சிறிய பேட்டரிப் பெட்டியை மாட்டி வைத்திருக்கிறேன். மூன்று மணி நேர மின்வெட்டில் இணைப்பு அசையவே இல்லை.

குறையும் உண்டு. கோஆக்சியல் கம்பி அறுந்தால் கத்தியும் இணைப்பியும் இருக்கும் எவரும் பத்து நிமிடத்தில் ஒட்டிவிடலாம். இழை முறிந்தால் அதை உருக்கி ஒட்டும் கருவியோடுதான் ஆள் வர வேண்டும். மேசைக்காலுக்குப் பின்னால் கூர்மையாக மடித்துச் செருகினாலே ஒளி கசிந்துவிடும். வளைவு எப்போதும் அகலமாக இருக்கட்டும்; இணைப்பியின் முனையை விரலால் தொடாதீர்கள், அதற்குள் எட்டிப் பார்க்கவும் கூடாது.

ஃபைபரிலேயே டிவியும் சேர்த்துத் தருகிறார்களே என்று கேட்கலாம். அதில் இரண்டு வகை உண்டு, எடுப்பதற்கு முன் எது என்று கேட்டுவிடுங்கள். ஒன்றில் டிவி தனி ஒளி அலைநீளத்தில், 1550 நானோமீட்டரில் வருகிறது. இணையம் 1490-இல் இறங்கி 1310-இல் ஏறுகிறது. இழை ஒன்றுதான் என்றாலும் வழி வேறு. அதனால் ரவுட்டர் செத்தாலும் டிவி ஓட வாய்ப்புண்டு. மற்ற வகையில் டிவி இணையத் தரவாகவே வருகிறது. ரவுட்டர் நின்றால் இரண்டும் நிற்கும். முதல் வகை கிடைத்தால் கூட்டுத் தொகுப்பின்மேல் எனக்குள்ள புகாரில் ஒரு பகுதி தளர்ந்துவிடும். ஆனால் எந்த வகையானாலும் ஒப்பந்தம் ஒன்றே என்பது மாறாது. இணையம் சரியில்லை என்று விலகினால் வீட்டுப் பெரியவர்கள் பார்க்கும் சேனலும் சேர்ந்து போகும். அந்தத் தயக்கத்தில்தான் நான் ஏழு மாதம் பொறுத்தேன்.

டிவியே வேண்டாம், எல்லாவற்றையும் இணையத்திலேயே பார்க்கலாம் என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. தொடர்களுக்கும் படங்களுக்கும் சரிதான். நேரலை விளையாட்டில் மட்டும் இணைய ஒளிபரப்பு கேபிளைவிடப் பல நொடிகள், சில சமயம் அரை நிமிடம்கூட, பின்தங்குகிறது. பக்கத்து வீட்டுக் கூச்சல் முதலில் வந்துவிடும். எங்கள் வீட்டில் சிறிய கேபிள் இணைப்பை விடாததற்கு அதுவும் ஒரு காரணம்.

எந்த வீட்டுக்குக் கூட்டுத் தொகுப்பு பொருந்தும்? வீட்டிலிருந்து வேலை செய்யாதவர்கள், அழைப்பு அறுந்தால் மறுபடி கூப்பிட்டுக்கொள்ளலாம் என்பவர்கள், ஓராண்டில் வீடு மாறப் போகிறவர்கள் தாராளமாக எடுக்கலாம். நான் வைத்திருந்தது பழைய கேபிள் வலையமைப்பு என்பதையும் சொல்ல வேண்டும். கேபிள் வழி இணையத்துக்கென 2013-இல் வந்த டாக்சிஸ் (DOCSIS) 3.1 என்ற தொழில்நுட்பத் தரத்துக்கு மாறிய, தெருமுனை வரை ஃபைபர் போட்ட கேபிள் நிறுவனங்கள் இப்போது பல. அப்படிப்பட்ட இணைப்பில் இருக்கும் நண்பர் ஒருவருக்குக் குறை எதுவும் இல்லை. நானே அதில் ஒரு மாதம்கூட இருந்ததில்லை என்பதால் அவருடைய சொல்லை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுத மாட்டேன். என் ஃபைபர் அனுபவமும் பத்தே மாதம்தான்.

அந்தப் பத்து மாதத்தில் ஒரே ஒரு பழுது. யாரோ சாலையைத் தோண்டியதில் இழை அறுந்தது. பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தது. அழைத்து, "சிவப்பு விளக்கு எரிகிறது" என்றேன். மோடத்தை அணைத்துப் போடுங்கள் என்று யாரும் சொல்லவில்லை, டிவியைப் போட்டுப் பார்க்கவும் சொல்லவில்லை. ஒளி வரவில்லை என்பது அவர்களுக்கு அங்கிருந்தே தெரிந்தது. ஒட்டி முடிக்க இரண்டு நாள் ஆயிற்று, அது அதிகம்தான். அந்த இரண்டு நாளும் வேலையைக் கைப்பேசி இணையத்தில் ஒப்பேற்றினேன். அடுத்த அறையில் அம்மா பார்க்கும் மாலைச் செய்தி வழக்கம்போல ஓடிக்கொண்டிருந்தது.