முதல் மூன்று மாத யோகா: நிறுத்துவதா, குறைத்துக்கொள்வதா, வகுப்பில் சேர்வதா?

கர்ப்பம் உறுதியானதும், அதுவரை யோகா செய்துவந்த பெண்ணுக்கு ஒன்றுக்கொன்று பொருந்தாத அறிவுரைகள் வந்து குவிகின்றன. வீட்டுப் பெரியவர்கள் மூன்று மாதம் தாண்டும்வரை குனியவே வேண்டாம் என்கிறார்கள். மருத்துவர் வழக்கமாகச் செய்வதைச் செய்யலாம், உடலை வருத்திக்கொள்ள வேண்டாம் என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார். கர்ப்பிணிகளுக்கான வகுப்பு நடத்துபவர்களோ உடனே சேரச் சொல்கிறார்கள். இவர்கள் சொல்வதில் எது சரி என்பதைப் பொதுவாகத் தீர்மானிக்க முடியாது. அந்தப் பெண் கருத்தரிப்பதற்கு முன் என்ன செய்துகொண்டிருந்தாள், இப்போது அவள் உடல் எப்படி இருக்கிறது என்ற இரண்டையும் வைத்துத்தான் தீர்மானிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அந்த அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டே ஒவ்வொரு வழியையும் பார்க்கலாம்.

அதற்கு முன், இந்த வாரங்களில் உடலுக்குள் நடப்பதைப் புரிந்துகொள்வது அவசியம். ஏறத்தாழ 12-ஆம் வாரம்வரை கருப்பை இடுப்பெலும்புக் கூட்டுக்குள்ளேயே இருப்பதால், வயிறு வெளியே தெரிவதில்லை. குனிவதற்கும் தடை இருப்பதில்லை. ஆனால் கண்ணுக்குத் தெரியாத மாற்றங்கள் அதற்கு வெகு முன்பே தொடங்கிவிடுகின்றன. கர்ப்பத்தைத் தாங்கிப் பிடிக்கும் புரோஜெஸ்டிரான் என்ற ஹார்மோன் ரத்தக் குழாய்களைத் தளர்த்துவதால் ரத்த அழுத்தம் சற்றுக் குறைகிறது. தலையைத் தாழ்த்தியிருந்து சட்டென்று நிமிர்ந்தால் கண் இருட்டுவதற்கு இதுவே காரணம். மூட்டுகளைப் பிணைக்கும் தசைநார்களின் இறுக்கத்தைக் குறைக்கும் ரிலாக்சின் என்ற ஹார்மோன் முதல் மூன்று மாதங்களின் முடிவை ஒட்டித்தான் உச்சத்தை அடைகிறது. பலருக்கு 6-ஆம் வாரம் தொடங்கும் குமட்டல் 9-ஆம் வாரத்தை ஒட்டி மிகுந்து பிறகு மெல்லத் தணிகிறது. ஆகவே இந்தக் கட்டத்தில் கவலைப்பட வேண்டியவை தலைசுற்றி விழுவது, உடல் அதிகமாகச் சூடாவது, மூட்டை மிகையாக இழுத்துவிடுவது ஆகியவையே. குனிந்தால் கரு நசுங்கிவிடும் என்ற பயத்துக்கு இடமில்லை.

முதல் வழி, முழுவதுமாக நிறுத்திவிடுவது. இதற்கு மரபின் ஆதரவும் உண்டு. அஷ்டாங்க யோக மரபில் முதல் மூன்று மாதம் ஆசனப் பயிற்சியை விட்டுவிடச் சொல்வது வழக்கம். அந்தப் பயிற்சியின் வேகத்தையும், தாவி நகரும் முறையையும், அது எழுப்பும் சூட்டையும் பார்த்தால் அந்த அறிவுரையில் நியாயம் தெரிகிறது. காலையில் எழும்போதே குமட்டல், சாப்பிட்டது தங்குவதில்லை, பகலெல்லாம் அசதி என்று இருக்கும் பெண்ணுக்கும் நிறுத்துவதே பொருத்தமானது. அவளுக்கு அந்த ஒரு மணி நேரத் தூக்கம் எந்த ஆசனத்தையும்விடப் பயன் தரும்.

ஆனால் பெரும்பாலோர் நிறுத்துவது அசதியினால் அல்ல, கரு கலைந்துவிடுமோ என்ற அச்சத்தினால். உறுதியான கர்ப்பங்களில் ஏறக்குறைய 10 முதல் 20 விழுக்காடு கலைந்துவிடுகின்றன. அவற்றில் பெரும்பான்மை முதல் மூன்று மாதங்களுக்குள் நிகழ்கின்றன. அந்த ஆரம்பக்கால இழப்புகளில் பாதியளவுக்குக் கருவின் குரோமோசோம் குறைபாடே காரணம். கர்ப்பகால உடற்பயிற்சியையும் கரு இழப்பையும் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து 2019-இல் வெளியான அலசல், பயிற்சி செய்தவர்களுக்கு இழப்பு அதிகம் என்று காணவில்லை. படுக்கையில் ஓய்வெடுப்பது கருச்சிதைவைத் தடுக்கும் என்பதற்கும் போதிய சான்று கிடையாது. இவற்றை இங்கே வலியுறுத்திச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. கருவை இழந்த பெண், முந்தைய வாரத்தில் தான் செய்த ஆசனங்களை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்து, அந்த ஒரு முறை திரும்பியதாலா, அந்த ஒரு முறை கால் தூக்கியதாலா என்று தன்னையே குற்றவாளியாக்கிக்கொள்கிறாள். "சொன்னேனே, கேட்டாயா" என்று சுற்றியிருப்பவர்களும் சேர்ந்துகொண்டால் அந்தக் காயம் ஆறப் பல ஆண்டுகள் ஆகும். மிதமான ஆசனப் பயிற்சி நல்ல கருவைக் கலைத்துவிடாது என்று தெரிந்த பிறகு, ஓய்வை அவள் விரும்பித் தேர்ந்தால் அது நல்லது. அச்சத்தால் திணிக்கப்பட்டால் அது நல்லதல்ல.

நிறுத்துவதற்கும் ஒரு விலை உண்டு. உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதல்கள், தடை ஏதும் இல்லாத கர்ப்பிணிகள் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான உடல் உழைப்பில் ஈடுபட வேண்டும் என்று சொல்கின்றன; அமெரிக்க மகப்பேறு மருத்துவர்கள் அமைப்பின் பரிந்துரையும் அதுவே. மலச்சிக்கல், முதுகுப் பிடிப்பு, தூக்கக் குறைவு, மனச்சோர்வு ஆகியவை தொடங்கும் நேரத்தில் எல்லா அசைவையும் கைவிடுவது அவற்றை மிகைப்படுத்தவே செய்யும். எனவே ஆசனத்தை விடுபவர்கள் நடையை விடக் கூடாது.

இரண்டாவது வழி, செய்துவந்த பயிற்சியைத் திருத்தித் தொடர்வது. முறையாகக் கற்று, கருத்தரிக்கும்வரை இடைவிடாமல் செய்துவந்தவர்களுக்கும், மருத்துவர் தடை சொல்லாதவர்களுக்கும் மட்டுமே இது உரியது. அவர்களுக்கு இதுவே எல்லாவற்றிலும் சிறந்த வழி என்று நான் கருதுகிறேன். இங்கே "திருத்தி" என்ற சொல்லை மேலோட்டமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. சூரிய நமஸ்காரத்தையே எடுத்துக்கொள்வோம். நிற்கும்போது பாதங்களை இடுப்பகலம் விலக்கி வைக்க வேண்டும். முன்னால் குனியும்போது தலையை முழங்காலோடு ஒட்டாமல், ஒரு நாற்காலியின் இருக்கையில் உள்ளங்கைகளைப் பதித்து, முதுகைத் தரைக்கு இணையாக நீட்டினால் போதும். காலைப் பின்னால் தாவ விடாமல் ஒவ்வொன்றாக எடுத்து வைக்க வேண்டும். எட்டு அங்கங்களும் தரையைத் தொடும் நிலையையும், அதையடுத்து வயிற்றில் படுத்து எழும் புஜங்காசனத்தையும் விட்டுவிட்டு, கைகளும் முழங்கால்களும் ஊன்றிய மார்ஜாரியாசனத்தில் முதுகை மெல்ல மேலும் கீழும் அசைத்துக்கொள்ளலாம். திரும்ப நிமிரும்போது முதலில் கைகளைத் தொடையில் ஊன்றி, ஒரு முழு மூச்சு நின்று, பிறகே தலையைக் கடைசியாக உயர்த்த வேண்டும். அந்த ஒரு மூச்சு இடைவெளிதான் தலைசுற்றலைத் தடுக்கிறது. முன்பு பன்னிரண்டு சுற்று செய்தவர் நான்கு சுற்றோடு நிறுத்தலாம். செய்துகொண்டே இயல்பாகப் பேச முடிகிறதா என்று பார்த்துக்கொள்வதே வேகத்துக்கான எளிய சோதனை.

தலைகீழ் ஆசனங்களில் சிரசாசனத்தைப் பல ஆண்டுப் பழக்கம் உள்ளவர்கள்கூட இந்த மாதங்களில் ஒதுக்கிவைப்பது நல்லது. ரத்த அழுத்தம் நிலையற்று இருக்கும் வேளையில் விழுவதற்கான வாய்ப்பை வலிந்து ஏற்க வேண்டியதில்லை. சுவரில் கால்களைச் சாய்த்துப் படுக்கும் விபரீதகரணி ஏறத்தாழ அதே இளைப்பாறுதலைத் தருகிறது. தனுராசனம், சலபாசனம், நாவாசனம் போல வயிற்றை அழுத்துவனவற்றையும் வயிற்றுத் தசையைக் கடுமையாக இறுக்குவனவற்றையும் தள்ளிவைக்கலாம். முறுக்கு ஆசனங்களில், தொடையை வயிற்றோடு அழுத்தித் திரும்புவதை விட்டு, எதிர்ப்புறமாக, தோளிலிருந்து மட்டும் திறந்து திரும்பலாம். வீரபத்ராசனம், திரிகோணாசனம் போன்ற நின்ற நிலைகளைச் சுவரை ஒட்டிச் செய்யலாம். பாதங்களைச் சேர்த்து முழங்கால்களை விரித்து அமரும் பத்த கோணாசனத்தைத் தொடைக்குக் கீழே தலையணை வைத்துச் செய்யலாம். சவாசனத்தில் மல்லாந்து படுப்பதற்கு இந்தக் கட்டத்தில் பொதுவாகத் தடையில்லை. கருப்பை பெரிதாகி, முதுகெலும்பை ஒட்டிய பெரிய ரத்தக் குழாயை அழுத்தத் தொடங்கும் பிற்பகுதியில்தான் பக்கவாட்டுக்கு மாற வேண்டியிருக்கும். எழும்போது மட்டும் இப்போதே பக்கம் திரும்பி, கையூன்றி எழப் பழகிக்கொள்வது பின்னால் உதவும்.

அனுபவசாலிகளுக்கென்றே உள்ள ஒரு ஆபத்தையும் சொல்லியாக வேண்டும். புதியவரின் உடல் இறுகி நின்று அவரைத் தடுத்துவிடும். பல ஆண்டு பயின்றவரின் இடுப்போ ஏற்கெனவே நெகிழ்ந்திருப்பதால், ரிலாக்சினும் சேரும்போது முன்னெப்போதையும்விட ஆழமாகப் போக முடிகிறது. அதை முன்னேற்றம் என்று எண்ணி கால்களை முன்னும் பின்னுமாக முழுவதும் விரிக்கும் ஹனுமானாசனம் போன்றவற்றில் எல்லைவரை இழுத்தால், இடுப்பு வளையத்தின் மூட்டுகளில் வலி தொடங்கி, மாதங்கள் ஏறஏற நடப்பதையே சிரமமாக்கிவிடக்கூடும். தன் வழக்கமான எல்லைக்கு நன்றாக முன்னதாகவே நின்றுவிடுவதுதான் தேர்ந்த பயிற்சியாளரின் அடக்கம்.

மூச்சுப் பயிற்சியிலும் இதே தெரிவு வேண்டும். வேகமாக மூச்சுவிடும் கபாலபாதி, பஸ்திரிகா, மூச்சை நெடுநேரம் அடக்கும் கும்பகம், வயிற்றை உள்ளிழுக்கும் உட்டியான பந்தம், அக்னிசாரம் ஆகியவை வேண்டாம். மூச்சை நிறுத்தாமல் நாசித் துளைகளில் மாறி மாறி மூச்சுவிடும் நாடிசுத்தி, வண்டைப்போல ரீங்கரிக்கும் பிராமரி, வெறுமனே நீண்ட வெளிமூச்சு ஆகியவற்றைச் செய்யலாம். குமட்டல் உள்ள நாளில் அமர்ந்து செய்யும் இந்தப் பத்து நிமிடமே அன்றைய முழுப் பயிற்சியாகவும் இருக்கலாம்.

மூன்றாவது வழி, கர்ப்பிணிகளுக்கென நடத்தப்படும் வகுப்பு. இதுவரை யோகா செய்யாதவர்களுக்கு இதுவே சரியான இடம், ஆனால் சரியான நேரம் பெரும்பாலும் 12 முதல் 14-ஆம் வாரத்துக்குப் பிறகுதான் வருகிறது. பல ஆசிரியர்கள் அதற்கு முன் சேர்த்துக்கொள்வதுமில்லை. கர்ப்பகால யோகாவின் நன்மையைக் காட்டும் ஆய்வுகளும் பெரும்பாலும் நான்காம் மாதத்துக்குப் பிந்தைய பெண்களிடம் நடந்தவை. 2015-இல் வெளியான ஓர் ஆய்வில் நலமாக இருந்த 25 கர்ப்பிணிகள் 26 ஆசனங்களைச் செய்தபோது தாய்க்கும் சேய்க்கும் பாதகமான மாற்றம் எதுவும் தென்படவில்லை, நம்பிக்கையூட்டும் முடிவுதான். ஆனால் அவர்கள் 35 வாரங்களைக் கடந்தவர்கள். முதல் மூன்று மாதங்களுக்கு அதை அப்படியே சான்றாகக் காட்டும் விளம்பரங்களை ஏற்க முடியாது.

வகுப்பின் தரத்தை ஆசிரியர் உங்களிடம் கேட்கும் கேள்விகளிலிருந்தே அறிந்துகொள்ளலாம். எத்தனையாவது வாரம், ரத்தப்போக்கு இருந்ததா, முன்பு கரு இழப்பு உண்டா, மருத்துவர் என்ன சொன்னார் என்று கேட்காமல் விரிப்பைக் காட்டி உட்காரச் சொல்பவரிடம் பயிலாதீர்கள். யோகா அலையன்ஸ் என்ற பன்னாட்டு அமைப்பு, கர்ப்பகால யோகா ஆசிரியராகப் பதிவு செய்ய வழக்கமான ஆசிரியப் பயிற்சிக்கு மேல் 85 மணி நேரத் தனிப் பயிற்சியைக் கோருகிறது. அத்தகைய தனிப் பயிற்சி ஏதேனும் பெற்றிருக்கிறாரா என்று தயங்காமல் கேட்கலாம்.

பொது வகுப்பிலேயே தொடர நினைப்பவர்கள், கர்ப்பத்தை ஊருக்கெல்லாம் சொல்லாவிட்டாலும் ஆசிரியரிடம் மட்டும் தனியாகச் சொல்லிவிட வேண்டும். தெரியாத ஆசிரியர் பின்னாலிருந்து முதுகை அழுத்தித் திருத்துவார். எல்லோரும் செய்கிறார்களே என்று நீங்களும் முறுக்கிக்கொண்டிருப்பீர்கள். வீட்டில் காணொளி பார்த்துச் செய்வது அனுபவமுள்ளவர்களுக்குத் துணையாகலாம். புதியவருக்கு இந்த மாதங்களில் அது வேண்டாம், ஏனெனில் திரையில் இருப்பவருக்கு உங்கள் முகம் வெளிறுவது தெரியாது.

சூடேற்றிய அறையில் செய்யும் யோகா இந்த ஒப்பீட்டிலேயே இடம்பெறத் தகாதது. பிக்ரம் முறை வகுப்புகளில் அறை ஏறத்தாழ 40 பாகை செல்சியஸில் வைக்கப்படுகிறது. கருவின் மூளையும் தண்டுவடமும் உருவாகும் நரம்புக் குழாய், கருத்தரித்த சுமார் 28 நாட்களுக்குள் மூடிக்கொள்கிறது. அந்தச் சமயத்தில் தாயின் உள்வெப்பம் 39 பாகையைத் தாண்டுவது அந்தக் குழாயின் குறைபாடுகளோடு தொடர்புடையது. பல பெண்கள் கர்ப்பத்தை உணர்வதற்குள் அந்த நாட்கள் கடந்துவிடுவதால், குழந்தைக்காக முயல்பவர்களும் அதைத் தவிர்ப்பதே அறிவுடைமை. தெரியாமல் ஓரிரு வகுப்புக்குப் போய்விட்டவர்கள் மனம் கலங்காமல் மருத்துவரிடம் சொன்னால் போதும்.

ஆக, புதியவருக்கு முதலில் நடையும் எளிய மூச்சும், பிறகு வகுப்பு. பழகியவருக்குத் திருத்திய பயிற்சி. உடல் ஒத்துழைக்காதவருக்கு ஓய்வு. ஆனால் ரத்தப்போக்கு தொடர்பவர்கள், கருப்பை வாய் பலவீனம் கண்டறியப்பட்டவர்கள் அல்லது அங்கே தையல் போடப்பட்டவர்கள், தீவிர ரத்தசோகையோ இதய நோயோ உள்ளவர்கள், மீண்டும் மீண்டும் கருவை இழந்தவர்கள் ஆகியோர் மருத்துவரின் வெளிப்படையான சம்மதம் இல்லாமல் எந்த ஆசனத்தையும் தொடக் கூடாது. செயற்கைக் கருத்தரிப்புச் சிகிச்சை பெற்றவர்களைப் பற்றிப் பலரும் குறிப்பிடுவதே இல்லை. முட்டை வளர்ச்சிக்காகப் போடப்பட்ட ஊசிகளால் அவர்களுடைய சினைப்பைகள் வீங்கியிருக்கக்கூடும். அவை தம் காம்பிலேயே முறுக்கிக்கொள்ளும் அபாயம் இருப்பதால், வீக்கம் வடியும்வரை முறுக்கு ஆசனங்களும் துள்ளலும் அவர்களுக்கு அறவே கூடாது.

பயிற்சியின்போது ரத்தம் தென்பட்டாலோ, தலை சுற்றினாலோ, நெஞ்சு வலித்தாலோ, கெண்டைக்காலில் வலியோ வீக்கமோ கண்டாலோ உடனே நிறுத்தி மருத்துவரை அழைக்க வேண்டும். அடிவயிற்றின் ஒரு பக்கத்தில் மட்டும் எழும் வலியை நேற்றைய ஆசனத்தில் தசை பிடித்துக்கொண்டது என்று ஒருபோதும் நீங்களே முடிவுகட்டாதீர்கள். கரு கருக்குழாயில் தங்கிவிட்டாலும் அப்படித்தான் வலிக்கும். அதோடு தோள்பட்டை நுனியில் வலியோ மயக்கமோ சேர்ந்தால், அடுத்த ஸ்கேன் தேதிக்குக் காத்திராமல் அந்த நேரமே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.