சத்தம் போடும் ஆரஞ்சுப் பை: சில வருடப் பழக்கத்துக்குப் பிறகு

"அண்ணா, அந்த ஆரஞ்சு பிவி பை இப்ப பாதி விலைக்குப் போகுது, வாங்கட்டுமா?" என்று இங்கே சிட்னியில் பெண்டில் ஹில்லில் இருக்கும் தம்பி ஒருவன் கேட்டிருந்தான். பிவி பை என்றால், காட்டிலோ மலையிலோ ராத்திரி மாட்டிக்கொண்டால் குளிருக்கு உள்ளே நுழைந்து படுத்துக்கொள்ளும் அவசரகாலப் பை. வாட்ஸ்அப்பில் ஒரு வரி போட உட்கார்ந்தேன், நீண்டுகொண்டே போனது, சரி எல்லாருக்கும் பயன்படட்டும் என்று இங்கேயே எழுதிவிடுகிறேன்.

எத்தனை கிராம், எவ்வளவு நீளம் என்பதெல்லாம் உறையிலேயே இருக்கிறது, அதை விட்டுவிடுவோம். வெளியே ஆரஞ்சு, உள்ளே வெள்ளிப் பூச்சு, சுருட்டினால் ஒரு கைக்குள் அடங்கும். (கடையில் வாங்கும்போது மட்டும். ஒரு தடவை விரித்துவிட்டால் பிறகு எந்த ஜென்மத்திலும் அந்தச் சின்ன உறைக்குள் திரும்பப் போகாது.) புளூ மவுண்டன்ஸ் பக்கம் காலையில் போய்ச் சாயங்காலம் திரும்பும் நடைக்குக்கூட இது என் முதுகுப்பையின் அடியில் இருக்கும், வருடக்கணக்காக.

என் புகார் ஒன்றே ஒன்றுதான். சத்தம். மூச்சு விட்டால் சத்தம், காலை மடக்கினால் சத்தம், எச்சில் விழுங்கினால்கூடக் கழுத்தருகே மொறமொறவென்று ஒரு சத்தம். யாரோ ஒருத்தர் காதுக்குப் பக்கத்தில் விடிய விடிய சிப்ஸ் பாக்கெட் பிரித்துக்கொண்டிருப்பதுபோல. 'உயிர் போகிற நேரத்தில் சத்தமா முக்கியம்' என்பீர்கள். முக்கியம்தான், சொல்கிறேன்.

ஒரு ஜூன் மாதம். பெரிஸ் லுக்டவுன் வழியாக புளூ கம் காட்டுக்கு இறங்கிவிட்டுத் திரும்ப ஏறுகிறோம், அறுநூறு மீட்டருக்கு மேல் செங்குத்தான ஏற்றம், பாதி வழியில் கூட வந்த நண்பருக்குக் கணுக்கால் பிசகிவிட்டது. ஜூனில் இங்கே ஐந்து மணிக்கெல்லாம் பொழுது அடைந்துவிடும். இருட்டில் அந்தப் படிகளில் ஒரு காலால் ஏறுவது பைத்தியக்காரத்தனம். திரும்பக் கீழே ஓடைக்கு இறங்கினால் இன்னும் மோசம், ராத்திரியில் குளிர்ந்த காற்றெல்லாம் வழிந்து பள்ளத்தில்தான் போய்த் தேங்கும். அதனால் நடு ஏற்றத்திலேயே காற்று அடிக்காத ஒரு பாறை மறைவில் உட்கார்ந்துவிட்டோம். நாங்கள் இருந்த அந்த க்ரோஸ் பள்ளத்தாக்கில் விறகுத் தீ மூட்டக் கூடாது, போனில் ஒரு கோடுகூட இல்லை. ஆளுக்கொரு பை, அவ்வளவுதான்.

நியாயமாகச் சொல்ல வேண்டும், குளிர் தாங்கியது. குளிர்காலத்தில் அந்த மலைப்பக்கம் ராத்திரி 3 டிகிரி வாக்கில் இறங்கும், நாங்கள் நடுங்கினோமே தவிர விறைக்கவில்லை. ஆனால் முழுப் பெருமையையும் பைக்குக் கொடுக்க மாட்டேன். வெள்ளிப் பூச்சு என்பது 1964-ல் நாசா விண்வெளி வேலைக்காகச் செய்த படலத்தின் வழிவந்தது, உடம்பிலிருந்து கதிராகப் போகும் சூட்டைத் திருப்பி அனுப்பும், காற்றையும் தடுக்கும். தரை உறிஞ்சும் சூட்டை அதனால் ஒன்றும் செய்ய முடியாது. ஈர மண்மேல் அப்படியே படுத்தால் பையே இல்லாததுபோலத்தான். முதுகுப்பைகளைக் காலி செய்து இடுப்புக்கு அடியில் போட்டோம், உலர்ந்த பெரணித் தழையைக் கை நிறையப் பிடுங்கி வந்து தோளுக்கு அடியில் திணித்தோம். வியர்த்திருந்த பனியனைக் கழற்றிவிட்டுக் கம்பளி மேலாடையும் தொப்பியும் போட்டோம், குளிரத் தொடங்கும் முன்பே. பாதி வேலையைச் செய்தது இவைதான். இந்தியக் கடையில் வாங்கிய கடலை மிட்டாய் ஒரு பாக்கெட் கிடந்தது, படுப்பதற்கு முன் அதையும் தின்று தீர்த்தோம்.

உள்ளே ஈரம் கோக்கும், அது இந்த மாதிரிப் பை எல்லாவற்றுக்கும் உள்ள குணம். உடம்பு விடும் ஆவி குளிர்ந்த படலத்தில் பட்டுத் தண்ணீராகும். முகத்தை வெளியே வைத்து மூச்சை வெளியே விட்டால் பாதி குறையும். அதற்கெல்லாம் நான் கோபப்படவில்லை.

சத்தத்துக்கு வருகிறேன். நள்ளிரவுக்கு மேல் நண்பர் வலியில் என்னைக் கூப்பிட்டிருக்கிறார், ஒரு கை தூரத்தில் படுத்திருந்த எனக்குக் கேட்கவில்லை. அவர் பையும் மொறமொற, என் பையும் மொறமொற. இதை யோசித்துப் பாருங்கள்: தேடி வரும் குழு விசில் ஊதும், பெயர் சொல்லிக் கூப்பிடும், பிறகு எல்லாரும் அசையாமல் நின்று பதில் வருகிறதா என்று காது கொடுத்துக் கேட்பார்கள். அந்தச் சில நொடிகளில் நீங்கள் உள்ளே புரண்டுகொண்டிருந்தால்? தொலைந்துபோனவருக்காகச் செய்த பொருள் தொலைந்துபோனவரின் காதையே அடைக்கிறது. செய்தவர்களில் ஒருத்தராவது இதற்குள் ஒரு ராத்திரி படுத்துப் பார்த்தார்களா என்று இன்னும் எனக்குச் சந்தேகம். கொஞ்சம் துணித்தன்மையுள்ள பைகள் வருகின்றன, சத்தம் குறைவு, விலையும் எடையும் கூட.

போன மாதம் கால்பக்கத் தையல் விரல் நீளத்துக்குப் பிரிந்தது. ஊசி நூல் எடுக்காதீர்கள், குத்திய ஓட்டை ஒவ்வொன்றிலிருந்தும் கிழியும். ஈரத்தைத் துடைத்து உள்ளும் புறமும் டக்ட் டேப் ஒட்டினேன், நிற்கிறது. டேப் ஒட்டிய இடம் மட்டும் சத்தம் போடுவதில்லை. முழுப் பைக்கும் ஒட்டிவிடலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தது நிஜம்.

என் மதிப்பெண் ஐந்துக்கு இரண்டு. சூட்டுக்கு நான்கு கொடுக்கலாம், ஆனால் எனக்கு மனசு வரவில்லை. வாங்கலாமா என்றால், வாங்கு தம்பி, பாதி விலையென்றால் வீட்டில் ஆளுக்கொன்று வாங்கு. அதே நேரம் பிளாக்ஹீத்தில் கோவெட்ஸ் லீப் ரோட்டில் இருக்கும் தேசியப் பூங்கா மையத்தில் நிறுத்திச் செயற்கைக்கோளுக்குச் சிக்னல் அனுப்பும் பீக்கனையும் கேட்டு வாங்கிக்கொள், இலவசமாகவே இரவல் தருகிறார்கள். அப்புறம், பையை உறை பிரிக்காமல் வருடக்கணக்காக வைத்திருக்காதே. வாங்கிய அன்றே கொல்லைப்புறப் புல்லில் விரித்து ஒரு மணி நேரம் உள்ளே படுத்துப் பார், யாரையாவது வாசலில் நின்று உன் பெயரைக் கூப்பிடச் சொல்.